உலக்கை தேய்ந்து பிக் ஆனது: கிதாருக்கு மரப் பிக் செய்ய முழுமையான வழிகாட்டி

உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆனது என்பார்கள். எங்கள் வீட்டு உலக்கை அதற்கும் கீழே போய்க் கிதார் பிக், அதாவது கம்பியை மீட்டும் சிறு தகடு, ஆகிவிட்டது. பாட்டி காலத்துக் கருங்காலி உலக்கை. பூண் கழன்று, நுனி பிளந்து, பெரம்பூர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பல வருடங்கள் கிடந்தது. அதில் ஒரு சாண் அறுத்ததிலும் வேறு மரங்களிலுமாக இதுவரை பதினான்கு பிக் செய்திருக்கிறேன். வாசிக்கத் தேறியவை ஒன்பது. மற்ற ஐந்தில் செய்த தவறுகளால்தான் இந்த வழிகாட்டி இவ்வளவு நீளம்.

மரப் பிக் யாருக்கு ஆகும்

பிளாஸ்டிக் பிக் கம்பியைத் தொட்டு விலகும்போது 'டிக்' என்று ஒரு சிறு ஓசை எழும். மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கடின மரத்தில் அந்த 'டிக்' அமுங்கிவிடும்; சுரம் மட்டும் உருண்டு வரும். பேஸ் கிதார், உகுலேலே என்னும் நான்கு கம்பிக் குட்டிக் கிதார், நைலான் கம்பிக் கிதார், ஜாஸ் வாசிப்பவர்கள் போடும் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகள் ஆகியவற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

எஃகுக் கம்பி அக்கூஸ்டிக் கிதாரில் மணிக்கணக்காகத் தட்டி வாசிப்பவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். தடித்த கம்பிகளின் மேல் வெண்கலக் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அது கிட்டத்தட்ட ஓர் உருண்டை அரம். தட்டுக்குத் தட்டு மர நுனி தேயும். மேலும், மரம் வளையாது. மெல்லிய பிளாஸ்டிக் பிக் வளைந்து கொடுப்பதை இங்கே உங்கள் மணிக்கட்டுதான் செய்ய வேண்டும். முதல் வாரம் கை வலித்தால் பிக்கைக் குறை சொல்லாதீர்கள், பிடியைத் தளர்த்துங்கள்.

ஒரு காலத்தில் பிக் என்றால் ஆமை ஓடு. அழுங்காமையின் ஓட்டில் செய்தார்கள். 1922இல் நியூயார்க்கில் டி'ஆன்ட்ரியா என்பவர் செல்லுலாய்டுத் தகட்டில் பிக் வெட்டத் தொடங்கிய பிறகு பிளாஸ்டிக் எங்கும் பரவியது. பிறகு அழுங்காமை வணிகத்துக்கே உலக அளவில் தடை வந்தது. மரம் மட்டும் ஓரமாக நின்றுகொண்டே இருந்தது. கருங்காலியும் கம்பியும் சேர்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கோட்டுவாத்தியத்தில் கம்பிகளின் மேல் வழுக்கி ஓடும் உருளைக் கட்டையைக் கருங்காலியில் செய்வதுதான் மரபு.

எந்த மரம்

வெளிநாட்டுப் பிக் விளம்பரங்களில் பெயர்கள் ஆளை அசத்தும். கிளாரினெட் செய்யும் ஆப்பிரிக்கக் கருமரம், கப்பல் உந்துவிசிறியின் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கே பயன்பட்ட லிக்னம் விட்டே. பின்னது தண்ணீரில் கல்லைப் போல மூழ்கும்; அதன் பிசினே அதற்கு மசகு. இரண்டும் உண்மையிலேயே சிறந்த மரங்கள். ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவற்றுக்காக ஏங்க வேண்டியதில்லை. பிக்குக்கு மரத்தில் வேண்டியவை கடினமும் நெருக்கமான நாரும்தான். நம் தச்சர்கள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்று சொல்வார்களே, அந்த நடுப்பகுதி. சுற்றியுள்ள வெளிறிய பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் நுனிக்கு ஆகாது.

கருங்காலியில் தொடங்குவோம். இந்தப் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எபனி என்று உலகம் சொல்லும் கரிய மரத்துக்கும் கருங்காலி என்றுதான் பெயர்; சித்த மருத்துவத்தில் பட்டையும் கட்டையும் பயன்படும் வேறொரு மரம், வேல மரத்தின் உறவு, அதற்கும் கருங்காலி என்றுதான் பெயர். போதாததற்குக் காட்டிக்கொடுப்பவனுக்கும் இதே பெயர். தன் இனத்தையே வெட்டும் கோடரிக்குக் காம்பாகப் போனதால் வந்த பழி. இப்போது கருங்காலி மாலை மோகம் வேறு சேர்ந்துகொண்டு, கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதேதோ கட்டைகள் அந்தப் பெயரில் விற்கின்றன. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் தேயுங்கள். மையாகக் கறுப்பு இறங்கினால் சந்தேகப்படுங்கள். ஓரத்தைச் சுரண்டி உள்ளே வெளுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் என்பார்கள். அதை முழுதாக நம்ப முடியாது. நன்கு காய்ந்த நல்ல கருங்காலியே நீர்மட்டத்தை ஒட்டி மிதப்பதுண்டு.

ஈட்டி, அதாவது தோதகத்தி, அடுத்த நல்ல தேர்வு. கடினத்தில் தேக்கைப் போல இரு மடங்குக்கு மேல். நார்த்துளைகள் கொஞ்சம் பெரியவை. அதனால் ஓரத்தை மெருகேற்ற நேரம் பிடிக்கும்.

என் ஓட்டு புளிக்கு. இறைச்சிக் கடையில் கத்தி விழும் அந்த வட்டக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது புளிதான். ஆண்டுக்கணக்கில் வெட்டு வாங்கியும் சிதறாத மரம் கம்பிக்கா பயப்படப் போகிறது? வைரப் பகுதி சிறியது, நிறம் கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. என் ஒன்பதில் மிக நீண்ட நாள் உழைப்பது புளியில் செய்த ஒன்றுதான். அறுவை மில்லில் விறகுக் குவியலிலிருந்து இலவசமாகக் கிடைத்தது.

தேக்கு வேண்டாம், ஓரம் பொடிந்துபோகும். வீணையும் மிருதங்கமும் பலாவில்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். ஒலிப்பெட்டிக்கு அதிர்ந்து கொடுக்கும் மரம் வேண்டும், பிக்குக்குத் தேயாத மரம் வேண்டும். இரண்டும் வேறு வேலை. முதல் முயற்சிக்கு மரமே வேண்டாம் என்றால் முற்றிய கொட்டாங்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயற்கையான வளைவு பெருவிரலுக்குச் சுகமாக இருக்கும்.

எங்கே தேடுவது? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உடைந்த நாற்காலிக் கால், கைத்தடி, பழைய மத்து, உலக்கைத் துண்டு எல்லாம் கிடைக்கும். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கிதார் பழுதுபார்ப்பவர்களிடம் கழித்துப் போட்ட விரற்பலகைத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஈட்டி, சில சமயம் கருங்காலி, அதுவும் பல ஆண்டு காய்ந்தது. நான்கு சென்டிமீட்டர் நீள அகலமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் இருந்தால் இரண்டு பிக் வரும்.

தொடக் கூடாதவை

செம்மரம் பக்கமே போகாதீர்கள். ஜப்பானின் ஷாமிசென் கருவிக்குக் கழுத்து செய்ய அதை விரும்பி வாங்குவார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்களே, பெரும்பாலும் நம் பக்கத்துக் கூலிகள், அது இந்த மரத்தின் பெயரால்தான். யாரோ 'சின்னத் துண்டுதானே' என்று நீட்டினாலும் வாங்காதீர்கள்.

ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். பழைய மரச்சாமானிலிருந்து எடுத்தால் மன உறுத்தல் இல்லை. பச்சை மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம்: 2017 ஜனவரி முதல் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதுமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிக்கும் அதன் துணைப்பொருள்களுக்கும் 2019 நவம்பரில் விலக்கு வந்தது. வெறும் கட்டைக்கு அந்த விலக்கு இல்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஹாக்ஸா பிளேடு, வளைவு அறுக்க ஒரு கோப்பிங் ரம்பம், தட்டையான நடுத்தர அரம், ஒரு சி-கிளாம்ப், கனம் அளக்க வெர்னியர் காலிப்பர், உப்புத்தாள் 120, 220, 400 எண்களில், வாட்டர் பேப்பர் 800, 2000 எண்களில், ஒரு கண்ணாடித் துண்டு, இருபக்க டேப். இரும்பறுக்கும் பிளேடா என்று கேட்காதீர்கள். சிறு கடினக் கட்டையை அதைவிட மெல்லியதாக, சிதறாமல் அறுக்கும் மலிவான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

முகக்கவசம் கட்டாயம், என்-95 வகை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் தரும். மொட்டை மாடியில் வைத்துத் தேய்க்கலாம். ஆடிக் காற்றில் மட்டும் வேண்டாம், அடுத்த வீட்டுத் துணியெல்லாம் உங்கள் தலையில் விடியும்.

முதல் படி: நாரைப் பாருங்கள்

இந்த ஒரு படியை அலட்சியப்படுத்தித்தான் என் முதல் பிக் போனது. ரேகை குறுக்கே ஓடினால் அழகாக இருக்கிறதே என்று அப்படியே வெட்டினேன். எண்ணெய் பூசி, மெருகேற்றி, ஜி கார்டு என்னும் சுரக்கூட்டு ஒன்றை வாசித்தேன். இரண்டாவது தட்டில் நுனி முறிந்து கிதாரின் ஒலித்துளைக்குள் விழுந்தது. கிதாரைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கியபோது உள்ளே அது புளியங்கொட்டை போல உருண்டது. வெளியே வரக் கால் மணி நேரம். தெருமுனைத் தச்சுப்பட்டறைப் பெரியவரிடம் துண்டைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உளிப்பிடியில் நார் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வா" என்றார்.

பிடியின் நீளவாக்கில்தான் ஓடும். பிக்கிலும் அப்படியே: நீங்கள் பிடிக்கும் அகன்ற பக்கத்திலிருந்து நுனியை நோக்கி நார் ஓட வேண்டும். மரம் நாரோடு பிளக்கும், நாரை எதிர்த்து எளிதில் முறியாது. கட்டையின் வெட்டுமுகத்தை ஈரத் துணியால் துடைத்தால் ரேகை தெளிவாகத் தெரியும். கருங்காலியில் அப்படியும் தெரியவில்லை என்றால் ஓரத்தில் ஒரு சிலும்பை உளியால் கிளப்பிப் பாருங்கள். அது கிழியும் திசைதான் நாரின் திசை.

இரண்டாம் படி: தகடாக அறுப்பது

கட்டையை மேசை ஓரத்தில் சி-கிளாம்ப் வைத்து இறுக்குங்கள். நான்கு மி.மீ. கனத்துக்குச் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டு, ஒரே பக்கமாக அறுக்காமல் நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து நடுவில் சேருங்கள். அப்போதுதான் வெட்டு கோணாமல் வரும். அவசரப்பட்டால் பிளேடு சூடேறி, மரம் கருகிய வாசனை வரும். அது ஓய்வெடுக்கச் சொல்லும் வாசனை.

அறுத்த தகட்டை ஒரு வாரம் விட்டுவையுங்கள். மேசையில் படுக்கவைக்காமல், இரு பக்கமும் காற்றுப் படும்படி ஓரத்தில் நிறுத்திவையுங்கள். ஐப்பசி மழையில் ஒரு தகட்டைச் சன்னல் திண்டில் படுக்கப்போட்டேன்; காலையில் வெற்றிலை போல வளைந்திருந்தது. மேல் பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்தது, கீழ்ப்பக்கம் விரியவில்லை, அவ்வளவுதான் காரணம். சென்னைக் காற்றில் எப்போதுமே ஈரம் உண்டு. அதற்கு மரம் பழகிய பிறகே மேலே கை வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: உருவம்

பிடித்த பிளாஸ்டிக் பிக்கை மேலே வைத்து வரைந்துகொள்ளுங்கள். வழக்கமான பிக் சுமார் 30 மி.மீ. நீளம், 26 மி.மீ. அகலம். கருங்காலியில் பென்சில் கோடு தெரியாது. காகித டேப்பை ஒட்டி அதன்மேல் வரையுங்கள்; அறுக்கும்போது ஓரம் சிதறாமலும் அது காக்கும். கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள். நுனியிலிருந்து அகன்ற பக்கம் நோக்கி அரம் போடாதீர்கள், நார் கிளம்பும்.

நான்காம் படி: கனம்

கண்ணாடித் துண்டின்மேல் 120 உப்புத்தாளை ஒட்டுங்கள். பிக்கை இருபக்க டேப்பால் ஒரு சிறு கட்டையில் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு எட்டுப் போடுவது போலத் தேயுங்கள். ஒரே திசையில் தேய்த்தால் ஒரு பக்கம் சரிந்துவிடும். நடுவில் இரண்டரை முதல் மூன்று மி.மீ. வரை வந்தால் போதும். பிளாஸ்டிக் பிக்கில் ஒன்றரை மி.மீ. என்றாலே தடிமன் என்பார்கள். மரத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

ஐந்தாம் படி: ஓரம்

இதுவரை செய்ததெல்லாம் தச்சு வேலை. இனிமேல்தான் பிக் வேலை. மரத்தின் விலையும் பெயரும் என்னவாக இருந்தாலும் கம்பி அறிவது இந்த ஓரத்தை மட்டும்தான். ஓரம் சரியாக வந்த புளி, ஓரம் கெட்ட கருங்காலியை எளிதில் தோற்கடிக்கும். இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள்.

நடுவிலிருந்து நுனியை நோக்கிக் கனம் மெல்லச் சரிய வேண்டும். நுனியில் ஒன்று முதல் ஒன்றேகால் மி.மீ. வரை. அதற்குக் கீழே போனால் மரம் தாங்காது. பிக்கைக் காலிப்பரில் அளந்துகொண்டே தேயுங்கள். கண்ணை நம்பிய இரண்டு பிக்குகள் என்னிடம் கத்தி போல மெலிந்து குப்பைக்குப் போயின.

அடுத்தது சாய்வு. யாரும் பிக்கைக் கம்பிக்கு நேர் தட்டையாகப் பிடித்து வாசிப்பதில்லை, கொஞ்சம் சாய்த்தே பிடிக்கிறோம். ஆகவே ஒரு முகத்தில் ஓர் ஓரமும், மறுமுகத்தில் அதற்கு எதிர் ஓரமும்தான் கம்பியில் உரசும். எந்த ஓரம் என்று நான் சொல்வதைவிட உங்கள் பழைய பிளாஸ்டிக் பிக்கே சொல்லும். விளக்கின் கீழே திருப்பிப் பாருங்கள்; இத்தனை நாள் கம்பி அதைச் சாய்வாகத் தின்ற இடம் பளபளக்கும். அதே இடத்தில், அதே சாய்வை மரத்தில் 220 தாளால் உண்டாக்குங்கள். சுமார் 30 முதல் 45 பாகைக்குள் வரும். கிதார் வாசிக்கும் உங்கள் நண்பருக்குச் செய்கிறீர்கள் என்றால் அவருடைய பழைய பிக்கைக் கேட்டு வாங்குங்கள். இடக்கைக்காரர் என்றால் எல்லாம் தலைகீழ்.

சாய்வு வந்ததும் அதன் கூர்மையை மழுக்குங்கள். ஓரம் கூராக இருக்கக் கூடாது, உருண்டிருக்க வேண்டும். மேசை விளக்குக்கு எதிரே பிக்கைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, நுனியைச் சுற்றி மெதுவாகத் திருப்புங்கள். ஒளி ஒரு மெல்லிய கோடாக ஓரத்தில் ஓடும். கோடு எங்கும் அறுபடாமல் வழுக்கினால் சரி. எங்காவது துள்ளினாலோ உடைந்தாலோ அங்கே ஒரு தட்டை இருக்கிறது. வாசிக்கும்போது அந்த இடம்தான் கம்பியில் சிக்கும். 400, 800, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்தது.

ஈட்டி போல் துளை பெரிய மரத்துக்கு ஒரு தந்திரம்: 400 தாள் முடிந்ததும் நுனியில் நீர்த்த சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு உடனே துடைத்துவிடுங்கள். துளை அடைபட்டு நுனி இறுகும். அந்தப் பசை ஈரத்தால் இறுகுவது. மழைநாளில் வெள்ளையாகப் பூத்துவிடும். வறண்ட பகல் பார்த்துச் செய்யுங்கள்.

ஆறாம் படி: பெருவிரல் குழி

விருப்பம்தான், ஆனால் நம் ஊர் வியர்வைக்கு இது பெரிய உதவி. கோலிக்குண்டில் உப்புத்தாளைச் சுற்றி, பெருவிரல் படும் இடத்தில் அரை மி.மீ. ஆழத்துக்கு உருட்டித் தேயுங்கள். மறுபக்கம் சுட்டுவிரலுக்கு இரண்டு மூன்று கீறல் போட்டால் வழுக்காது.

ஏழாம் படி: எண்ணெய்

தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். மரத்தில் காய்ந்து இறுகாமல் பிசுபிசுக்கும். வார்னிஷ் வழுக்கும், பிறகு உரியும். பிரெஞ்ச் பாலிஷ் அழகு, ஆனால் வியர்வை பட்டால் வெளுக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான் சரி. துணியில் இரண்டு சொட்டு எடுத்துத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு முறை, மூன்று பூச்சு. கார்த்திகையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை. ஈட்டியின் சொந்த எண்ணெய் இதைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். அதற்கு வெறும் தேன்மெழுகு போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.

வாசித்துத் திருத்துவது

எடுத்த எடுப்பில் தட்டி வாசிக்க வேண்டாம். நான்காம் கம்பியில் மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு பத்து முறை. 'கீச்' என்று உரசல் கேட்டால் சாய்வில் கீறல் மிச்சம் இருக்கிறது. 2000 தாளில் இன்னும் இருபது இழுப்பு. ஒலி மந்தமாக, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல இருந்தால் நுனி தடிமன், கால் மி.மீ. குறையுங்கள். மேல்நோக்கி மீட்டும்போது மட்டும் சிக்கினால் மறுமுகத்துச் சாய்வு போதவில்லை. மெல்லிய முதல் கம்பியில் ஒலி கிணுகிணுவென்று இருந்தால் ஓரம் இன்னும் உருளவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எண்ணெய் ஒரு தொடு.

தினம் அரை மணி நேரம் வாசித்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் பிக்குகளுக்கு ஓரம் திருத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்திலும் சிறிது குட்டையாகும். 22 மி.மீ. நீளத்துக்குக் கீழே போனவை என் கைக்கு ஆவதில்லை. அவற்றை அக்கா மகள் தன் உகுலேலேவுக்கு எடுத்துக்கொண்டுவிடுகிறாள். போன வாரம் உலக்கையின் மீதித் துண்டு எங்கே என்று கேட்டாள்.